படகைப் பறிக்காதீர்கள்: நம் தமிழ் ஒய்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலேசிய நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் தமிழ் ஒய்பிகளுக்கு, அதாவது உறுப்பினர்களுக்கு, ஆளும் தரப்பானாலும் எதிர்த்தரப்பானாலும் சரி, கெடா பாடாங் செராயிலிருந்து வணக்கம்.

கோயில் திருப்பணிக்கு மானியம் கேட்டோ தமிழ்ப்பள்ளிக் கூரைக்குப் பணம் கேட்டோ இதை எழுதவில்லை. அந்த மாதிரிக் கடிதங்கள் உங்களுக்கு நிறைய வருகின்றன, வரட்டும், அவையும் வேண்டியவைதான். நான் கேட்பது வேறு. கடலில் சாகக் கிடக்கும் மனிதர்களைத் தூக்கிவிடும் மீனவன் மேல் வழக்குப் போட மாட்டோம், அவன் படகைப் பறிக்க மாட்டோம் என்று அரசாங்கம் எழுத்தில் தர வேண்டும். நம் கரைக்கு அருகில் வந்துவிட்ட படகுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்துத் திரும்பவும் நடுக்கடலுக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் மக்களவையில் எழுந்து கேட்பது தமிழராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஏன் தமிழர் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி, சினிமா வழியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025-ல் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்ததே, சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது, அதைப் பார்க்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. சுங்கை பட்டாணிக்குக் குடும்பம் குடும்பமாகக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். இலங்கையில் பொருளாதாரம் விழுந்து பிழைக்க வழியில்லாமல் போன ஒரு தமிழ்க் குடும்பம் இரவோடு இரவாகப் படகில் ராமேஸ்வரத்துக் கரைக்கு வருகிறது, போலீஸ் பிடிக்கிறது, சின்னப் பையன் பேசுவதைக் கேட்டு மனம் இளகி ஒரு போலீஸ்காரர் அவர்களைப் போக விடுகிறார். தியேட்டரில் எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தக் குடும்பத்திடம் பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, அவர்கள் போரிலிருந்துகூட ஓடி வரவில்லை. ஆனாலும் இவர்கள் உண்மையான அகதிகளா, இவர்களை விட்டால் நாளைக்கு நூறு படகு வராதா, அந்தப் போலீஸ்காரர் சட்டத்தை மீறலாமா என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

அதே நம் ஆட்களில் சிலர் 2020-ல், பர்மாவிலிருந்து (மியான்மார்) ஓடிவரும் ரோஹிங்கியாக்களின் படகு வந்தபோது எழுதியதை நான் படித்திருக்கிறேன். மலாய்க்காரர் எழுதினார்கள், சீனர் எழுதினார்கள், தமிழிலும் வந்தது, திருப்பி அனுப்பு, கடலிலேயே கிடக்கட்டும் என்று. அந்த ஏப்ரலில் கோவிட்டைக் காரணம் சொல்லி, ஏறத்தாழ 200 பேர் இருந்த படகுக்கு உணவு கொடுத்து நம் எல்லைக்கு வெளியே அனுப்பினார்கள். அதே வாரத்தில் வங்கதேசக் கடலோரக் காவல்படை வேறொரு படகைக் கரை சேர்த்தது. கிட்டத்தட்ட 400 பேர், எலும்பும் தோலுமாக. மலேசியாவில் இறங்கப் பார்த்து முடியாமல் ஏறத்தாழ இரண்டு மாதம் கடலிலேயே அலைந்த படகு அது. வழியில் செத்தவர்களைக் கடலில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

திரையில் வந்த படகுக்கு அழுத கண் இந்தப் படகுக்கு ஏன் அழவில்லை என்று நம் சனங்களைத் திட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. நம் மொழி பேசுகிறவனைப் பார்த்தால் மனம் தானாக இளகும், அது இயல்பு. ஆனால் ஒரு நாட்டின் சட்டம் அப்படி மொழி பார்த்து இளகக் கூடாது, அதனால்தான் சனங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நாங்கள் கொஞ்சம் பேர் மாதம் ஒரு முறை கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் படம் போட்டுப் பேசுகிறோம். படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பிள்ளைகள் வருவார்கள், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிவிட்டு வருகிறவர்கள் இருப்பார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு. அண்மையில் ‘டெர்ராஃபெர்மா’ என்ற இத்தாலியப் படத்தைப் போட்டோம். இமானுவேலே க்ரியாலேசே 2011-ல் எடுத்தது. சிசிலிப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு, மீன் குறைந்துபோய்ச் சுற்றுப்பயணிகளை நம்பிப் பிழைக்கத் தொடங்கிய ஊர். எர்னெஸ்டோ என்ற கிழவர் பேரனோடு மீன்பிடிக்கப் போன இடத்தில் ஆப்பிரிக்க அகதிகளின் படகைப் பார்க்கிறார். தண்ணீரில் குதித்தவர்களைத் தூக்கிப் போடுகிறார். அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, கடலில் விழுந்தவனைத் தூக்கு, அவ்வளவுதான், அவர் அப்பனும் பாட்டனும் செய்தது அதுதான். கரைக்கு வந்தால் சட்டவிரோதக் குடியேற்றத்துக்குத் துணைபோனதாகச் சொல்லி அவர் படகைப் பறிமுதல் செய்துவிடுகிறார்கள்.

அதற்கப்புறம் ஓர் இரவு. பேரன் ஃபிலிப்போ ஒரு சுற்றுலாப் பெண்ணைச் சின்னப் படகில் கூட்டிக்கொண்டு போகிறான். இருட்டில் தண்ணீருக்குள்ளிருந்து கைகள் வந்து படகைப் பற்றுகின்றன, ஒன்று, இரண்டு, அப்புறம் நிறைய. அவன் துடுப்பை எடுத்து அந்தக் கைகளை அடிக்கிறான், அடித்துக்கொண்டே இருக்கிறான், படகைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். மறுநாள் சுற்றுப்பயணிகள் குளிக்கும் கரையில் உடல்கள் ஒதுங்குகின்றன.

மண்டபத்தில் யாருக்கும் பேச வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆறாம் படிவத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்: “தாத்தா தூக்கினாரு, பேரன் அடிக்கிறான். நடுவுல ஒண்ணுதான் சார் நடந்துச்சு, படக எடுத்துக்கிட்டாங்க.”

ஒய்பி அவர்களே, அந்தப் பிள்ளை சொன்னதைத்தான் உங்களிடம் கொண்டுவருகிறேன். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவனுக்குப் பயம் வந்தது, பாதிப் பயம் படகு கவிழ்ந்துவிடும் என்று, மீதிப் பயம் சட்டத்தைக் கண்டு. அந்த மீதியைக் கொண்டுவந்து அவன் மனதில் வைத்தவர்கள் கரையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். அந்தப் படத்தில் அகதிப் பெண்ணாக நடித்தவர் 2009-ல் நிஜமாகவே அப்படி ஒரு படகில் வந்தவர், அதில் உயிரோடு கரை சேர்ந்தவர்கள் ஐந்தே பேர். அவர் அந்தப் படத்தில் நடித்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

‘ஸ்டிக்ஸ்’ என்று இன்னொரு படம், வொல்ஃப்காங் ஃபிஷர் 2018-ல் எடுத்தது. ரீக்கே என்ற ஜெர்மானிய அவசர சிகிச்சை மருத்துவர் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் ஜிப்ரால்டரிலிருந்து அசென்ஷன் தீவுக்குக் கிளம்புகிறார். புயல் ஓய்ந்த காலையில் பார்த்தால் தூரத்தில் பழுதாகி நிற்கும் ஒரு மீன்பிடிக் கப்பல், அதில் தாங்க முடியாத அளவுக்குச் சனம். ரேடியோவில் கூப்பிடுகிறார். உதவி வருகிறது, நீங்கள் கிட்டே போக வேண்டாம் என்று பதில் வருகிறது. அருகில் இருக்கும் சரக்குக் கப்பலைக் கேட்டால் நிறுவனம் அனுமதிக்காது என்கிறார்கள். மணிக்கணக்கில் காத்திருக்கிறார், ஒருவரும் வரவில்லை. கிங்ஸ்லி என்ற பையன் மட்டும் நீந்தி அவர் படகுக்கு வந்து சேர்கிறான், என் சகோதரியும் மற்றவர்களும் அங்கே இருக்கிறார்கள், போகலாம் என்று கெஞ்சுகிறான்.

இந்தப் படத்தை எல்லாரும் தர்மசங்கடத்தைப் பற்றிய படம் என்று சொல்வார்கள். சின்னப் படகு, ஒரே ஒரு ஆள், கிட்டே போனால் நூறு பேர் தாவி ஏறிப் படகே மூழ்கிவிடும், போகாவிட்டால் அவர்கள் சாவார்கள். உண்மைதான், அந்தச் சங்கடம் இருக்கிறது, அதை நான் சின்னதாக்க மாட்டேன். மருத்துவரே தடுமாறுகிறார் என்றால் நாம் எம்மாத்திரம். ஆனால் இரண்டாவது முறை பார்த்தபோது எனக்கு அந்தக் குரல்தான் காதில் நின்றது. ரேடியோவில் வரும் குரல் மரியாதையாகத்தான் பேசுகிறது, கோபப்படுவதே இல்லை. பெரிய கப்பல் வைத்திருப்பவர்கள், ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்கள் வந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சங்கடமே இருந்திருக்காது, தண்ணீரும் மருந்தும் கொடுத்துவிட்டுத் தன் வழியில் போயிருப்பார். வலிமை உள்ளவன் வராமல் இருந்துவிட்டு, வலிமை இல்லாதவனின் மனச்சாட்சியிடம் கணக்கை ஒப்படைக்கிறான்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் அண்ணன் ஒருவர் கோல மூடா பாசார் பீசிக் மீன்சந்தையில் மீன் எடுத்து நம் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் விற்கிறவர். படம் முடிந்த பிறகு அவர் சொன்னது: அங்கே உள்ள மலாய்ப் படகுக்காரர்களிடம் இப்படி ஒரு படகைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் பேச்சுவாக்கில் ஒருமுறை கேட்டிருக்கிறார். ஃபோன் போட்டுச் சொல்வோம், கிட்டே போக மாட்டோம், ஏற்றினால் நம்மைக் கடத்தல்காரன் என்று பிடித்துக்கொண்டால் லைசென்ஸும் போச்சு, படகும் போச்சு என்றார்களாம். அவர்கள் கல்மனசுக்காரர்கள் இல்லை. படகுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள்.

1982 ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையின் 98-ஆவது பிரிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலில் உயிருக்குப் போராடும் யாரைக் கண்டாலும், தன் கப்பலுக்கும் ஆட்களுக்கும் கடும் ஆபத்து இல்லாத வரை கப்பல் தலைவன் உதவும்படி ஒவ்வொரு நாடும் செய்ய வேண்டும் என்கிறது அது. மலேசியா 1996-ல் அதை ஏற்று உறுதி செய்திருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போடவில்லை என்று அடிக்கடி சொல்கிறார்கள், சரி, போடவில்லைதான். ஆனால் மூழ்குகிறவனைத் தூக்க அந்தக் கையெழுத்து தேவையில்லை. அவன் அகதியா, வேலை தேடி வந்தவனா என்பதைக் கரையில் வைத்து விசாரிக்கலாம், தண்ணீரில் வைத்து விசாரிக்க முடியாது. இந்தப் பக்கம் குடிநுழைவுச் சட்டம் இருக்கிறது, ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உயிர் காத்தவன் மேல் இவை பாயாது என்று மீனவனுக்கு யாரும் தெளிவாகச் சொல்லித் தரவில்லை, அதனால் அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி திருப்பிக்கொண்டு போகிறான்.

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் ஆச்சே. 2015 மே மாதம் ஞாபகம் இருக்கும். கடத்தல்காரர்கள் கைவிட்டுப் போன படகுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தமான் கடலில் மிதந்தார்கள், மே 11-ல் லங்காவியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கினார்கள், அதற்குப் பிறகு வந்த படகுகளை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் மாற்றி மாற்றித் தள்ளின. அப்போது ஆச்சே மீனவர்கள் போய்த் தூக்கினார்கள். அவர்களுக்குப் பங்லிமா லாவுட் என்ற பழைய மீனவர் அமைப்பு உண்டு, கடலில் தவிப்பவர் யாரானாலும் உதவ வேண்டும் என்பது அவர்களுடைய அடாட், வழிவழியான வழக்கம். மே 20-ல் புத்ராஜெயாவில் கூடித்தான் மலேசியாவும் இந்தோனேசியாவும் தற்காலிகமாக இடம் தர ஒப்புக்கொண்டன. மீனவர்கள் முதலில் செய்தார்கள், அமைச்சர்கள் பிறகு வந்தார்கள். அங்கேயும் எல்லாம் இனிமை என்று சொல்லவில்லை, 2023 கடைசியில் பண்டா ஆச்சேயில் மாணவர்களே கூட்டமாகப் போய் ரோஹிங்கியாக்களை விரட்டினார்கள். நல்ல வழக்கமும் பின்னால் அரசாங்கம் நிற்காவிட்டால் தேய்ந்துபோகும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இனி, ஏன் தமிழர் என்ற கேள்விக்கு வருகிறேன். 1986 ஆகஸ்ட் 11, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் தன் படகில் வந்து அவர்களைக் கண்டார், தூக்கினார். யார், எங்கிருந்து, ஏன் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னது பொய், மேற்கு ஜெர்மனியிலிருந்து கிளம்பியிருந்தார்கள், அது தெரிந்ததும் கனடாவில் பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அன்றைய அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. முப்பது வருடம் கழித்து, 2016-ல், அந்தத் தமிழர்களில் சிலர் திரும்பப் போய் அந்தக் கிழவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார்கள். ரொம்பப் பின்னால் போக வேண்டாம், 2022 நவம்பரில் வியட்நாமுக்கும் பிலிப்பீன்ஸுக்கும் நடுவில் ஒரு கப்பல் மூழ்கும் நிலையில் கிடந்தது, உள்ளே 303 இலங்கையர், நிறையப் பேர் தமிழர். ‘ஹீலியோஸ் லீடர்’ என்ற ஜப்பானியக் கப்பல் வழிமாறி வந்து அத்தனை பேரையும் ஏற்றி வியட்நாமில் இறக்கியது. நம்மைத் தூக்கியவர்களுக்கு நம் மொழி தெரியாது, நம் சாமி தெரியாது. அதனால்தான் இந்தக் கேள்வியை மக்களவையில் கேட்கும் முதல் குரல் தமிழ்க் குரலாக இருக்க வேண்டும் என்கிறேன்.

நம் தாத்தா பாட்டியும் நாகப்பட்டினத்தில் கப்பலேறித்தானே வந்தார்கள் என்று சிலர் ஒப்பிடுவார்கள். எனக்கு அந்த ஒப்பீடு சரியாகப் படவில்லை. வெள்ளைக்காரத் துரைக்குப் பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது, கங்காணியை அனுப்பி அழைத்து வந்தார்கள். இவர்களை யாரும் அழைக்கவில்லை. நமக்கு நெருக்கமானது வேறொன்று, சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்ததும், இங்கேயே வாழ்ந்த ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் தோட்டத்தை விட்டு ஊர் திரும்பினார்கள். மிச்சம் இருந்தவர்களில் எத்தனையோ பேர் சாகும்வரை சிவப்பு அட்டையோடு கிடந்தார்கள், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இன்றைக்கும் நம் லயத்துச் சனங்களில் உண்டு. பர்மா 1982-ல் ஒரு சட்டம் போட்டு ரோஹிங்கியாக்களின் குடியுரிமையைப் பறித்தபோது என்ன நடந்திருக்கும் என்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டும், தோட்டத்துத் தமிழனுக்கு வேண்டாம்.

இதே சிவப்பு ஐசியை வைத்துத்தான் என்னோடு சண்டைக்கும் வருகிறார்கள். நம் ஆளுக்கே குடிமகனுக்கான நீல ஐசி கிடைக்கவில்லை, இவனுக்கு என்ன என்கிறார்கள். இரவுச்சந்தையிலும் புல்வெட்டு வேலையிலும் அவர்கள் குறைந்த கூலிக்கு வந்துவிட்டார்கள் என்கிறார்கள். இரண்டிலும் உள்ள வலி நிஜம், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைக்கு நீல ஐசி தராதவன் ரோஹிங்கியா இல்லை. ஒரு படகைத் திருப்பி அனுப்பிய நாளில் தேசியப் பதிவுத் துறையில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் கோப்பு நகர்ந்தது என்று யாராவது காட்டினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். கூலி குறைவது அவர்களுக்கு வேலை செய்யும் உரிமை இல்லாததால், முறையாகப் பெர்மிட் கொடுத்துவிட்டால் அவர்களை வைத்து நம் கூலியை அமுக்க முடியாது. கடத்தல்காரனுக்கு லாபம் என்ற வாதம் மட்டும் கனமானது. 2015-ல் பெர்லிஸ் வாங் கெலியானில் கண்டுபிடித்த 139 புதைகுழிகள் கடத்தல்காரன் என்ன செய்வான் என்று காட்டின. அவனைப் பிடியுங்கள், விடாதீர்கள். ஆனால் படகில் இருப்பவள் அவனுக்குக் காசு கொடுத்து ஏமாந்தவள், அவளைக் கடலுக்கு அனுப்புவதால் அவனுக்கு ஒரு காசு நட்டமில்லை, முன்பணம் எப்போதோ வாங்கிவிட்டான்.

இந்த நாட்டுக்கு இது முடியாத காரியமும் இல்லை. திரெங்கானு பீடோங் தீவில் 1978-லிருந்து 1991 வரை ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியட்நாமியர்கள் தங்கிப் போனார்கள். அப்போதும் படகுகளைத் தள்ளியிருக்கிறோம், அதை மறைக்க வேண்டாம். 1979 ஜூலையில் ஜெனீவாவில் நாடுகள் கூடி, நீங்கள் இறக்கிக்கொள்ளுங்கள், நாங்கள் குடியேற்றிக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகே தள்ளுவது குறைந்தது. அந்த மாதிரி ஓர் ஏற்பாட்டை ஆசியானில் கேட்டு வாங்குவது உங்கள் வேலை, அதை ஒரு மீனவன் செய்ய முடியாது.

2025 ஜனவரியில் லங்காவியில் 196 பேர் இறங்கிய மறுநாள், ஏறத்தாழ 300 பேர் இருந்த இரண்டு படகுகளுக்கு உணவும் தண்ணீரும் கொடுத்து எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டதாகக் கடல்சார் அமலாக்க நிறுவனமே அறிவித்தது. அந்த நவம்பரில் அதே லங்காவிப் பக்கம், தாய்லாந்து எல்லையோரம் ஒரு படகு கவிழ்ந்து பலர் செத்தார்கள். மழைக்காலம் முடிந்து கடல் அடங்கும்போதெல்லாம் படகுகள் கிளம்பும், இனியும் கிளம்பும்.

அடுத்த கூட்டத் தொடரில் கேள்வி நேரத்தில் முடியாவிட்டால் எழுத்து மூலமாகவாவது உள்துறை அமைச்சரிடம் கேளுங்கள்: கடலில் ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றிக் கரை சேர்க்கும் உள்ளூர் மீனவர் மேல் குடிநுழைவுச் சட்டமோ ஆள்கடத்தல் தடுப்புச் சட்டமோ பாயுமா, பாயாதா? பாயாது என்றால் அதை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அச்சடித்து ஒவ்வொரு மீனவர் சங்கத்துக்கும் எப்போது அனுப்புவீர்கள்? 2025 ஜனவரியில் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு படகுகளும் எந்தக் கரையில் சேர்ந்தன?

பதில் வந்ததும் எங்களுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒன்று ஒட்டுகிறோம், கோல மூடாவுக்கு மீன் எடுக்கப் போகும் அண்ணனிடம் ஒன்று கொடுத்தனுப்புகிறோம்.